பேச்சியம்மாள் படித்துச் சொன்னது

தி.நகர் உஸ்மான் ரோட்டுக் கூட்டத்தோடு அடித்துக்கொண்டு போய்விடாமல், இரண்டு பாத்திரக் கடைகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் ஒதுங்கினால் ஐந்தாவது கடை ‘தீபிகா மேட்சிங் சென்டர்’. பத்தடிக்குப் பன்னிரண்டடி. மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் பிளவுஸ் துணி. சிவப்பில் மட்டும் நாற்பது சிவப்பு இருந்தது. புடவையோடு வருகிறவர்கள் அதைப் பேச்சியம்மாளிடம் கொடுப்பார்கள். அவள் துணித் தான்களைக் கலைத்துப் போட்டுத் தேடுகிற ரகம் இல்லை. புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு தரம் புரட்டிப் பார்ப்பாள். திரும்பி வந்து கையை நீட்டி ஒரே ஒரு துணியை உருவுவாள். அது சேரும். சேராமல் திரும்பி வந்த துணி என்று அந்தக் கடையில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அதற்குமேல் அளந்து கிழித்துக் கொடுப்பது அவள் வீட்டுக்காரர் வெள்ளைத்துரையின் வேலை.

இருவரும் உடன்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான மறு வருஷம் சென்னைக்கு வந்தவர்கள். பேச்சியம்மாள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சந்து மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஓய்ந்து கிடக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முப்பது வயதில் தொடங்கியது. நாற்பத்தைந்து வயதில், சந்தின் கடைசியில் மாடிப்படிக்குக் கீழே அன்வர் பாஷா நடத்தி வந்த லெண்டிங் லைப்ரரியில் அவள் படிக்காத புத்தகம் என்று எதுவும் மிச்சமில்லை. புது மாத நாவல் கட்டு வந்து இறங்கினால் அன்வர் பாஷா கயிற்றை அறுத்ததும் முதலில் அவளுக்குத்தான் அனுப்புவார். அதில் அவருக்கும் ஒரு லாபம் இருந்தது.

“இந்தம்மா நல்லா கீதுன்னு சொன்னா மேல அடுக்குறேன். சரியில்லன்னா கீழ் தட்டு. நான் இன்னா, படிச்சா பாக்குறேன்?” என்று அவர் எல்லாரிடமும் ஒளிக்காமல் சொல்வார்.

அவள் படிப்பது இரண்டு முறை. முதல் தரம் கதைக்காக. இரண்டாம் தரம், கதை தாங்குகிறதா என்று பார்க்க. முடித்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அபிப்பிராயம் எழுதி வைப்பாள். யாரும் கேட்டு எழுதியதில்லை. ‘பேய் நல்லா இருக்கு. பேய்க்குப் பயப்படுறவன்தான் சரியில்லை’ என்று ஒன்று. ‘முதல் அறுபது பக்கம் எழுதின பிறகு இவரு தூங்கிட்டாரு, மீதி தானா எழுதிக்கிட்டது’ என்று ஒன்று. இன்னொன்றில், ‘கதாநாயகி மூணு தடவை மயங்கி விழுதா. டாக்டர்கிட்ட காட்ட வேண்டியவளைக் கல்யாண மேடையில உக்கார வச்சிருக்காங்க.’ துணி வாங்க வந்த பெண்கள் காத்திருக்கும் நேரத்தில் அந்த நோட்டைப் புரட்டிச் சிரிப்பார்கள். சிலர் அதற்காகவே வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கடையை விட்டுவிட்டு மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வந்துகொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மாத நாவல்களில் இரண்டு சரக்கு பெருகி வந்தது. ஒன்று மந்திரக் கதை: இல்லாத நாடு, இல்லாத ராஜா, பேசும் கல், பறக்கும் மீன். இன்னொன்று முரட்டுக் காதல் கதை. அதில் பணக்காரன் ஒருவன் இருப்பான், பழி வாங்குவதற்காக ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து அடைத்து வைப்பான், மிரட்டுவான், அறைவான், இருபதாவது அத்தியாயத்தில் அவனுக்கு ஜுரம் வரும், அவள் நெற்றியில் ஈரத்துணி போடுவாள், அதோடு காதல். இரண்டு சரக்கையும் விழுந்து விழுந்து வாங்கினார்கள். பேச்சியம்மாளும் இரண்டையும் படித்தாள். எதையும் படிக்காமலே ஒதுக்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அந்த வருஷம் ‘கதைக்கொடி’ என்ற மாத இதழ் ஐப்பசியில் ஒரு நாவலும் கார்த்திகையில் ஒரு நாவலும் போட்டது. முதலாவது ‘உப்பு ராஜ்ஜியம்’. எழுதியவர் ஸ்ரீரங்கன். கேள்விப்படாத பெயர். கடல் ஏறி வந்து விழுங்கப் பார்க்கும் ஒரு நாட்டில் அலர் என்று உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒருத்தி. அவளுக்குக் கடலைத் திருப்பி அனுப்புகிற மந்திரம் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் மனத்திலிருந்து ஒரு பெயர் அழிந்துபோகும். முதலில் தெருவின் பெயர். அப்புறம் தோழியின் பெயர். அப்புறம் அம்மாவின் பெயர். கடைசி அலை வரும்போது அவளிடம் மிச்சமிருப்பது தன் பெயர் ஒன்றுதான். அந்தப் பக்கம் வந்தபோது ஒரு அம்மாள் மாம்பழ நிறப் பட்டுக்குத் துணி கேட்டு நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அஞ்சு நிமிஷம் இருங்க, இதை முடிச்சிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டாள். பதினைந்து வருஷத்தில் வாடிக்கையாளரைக் காக்க வைத்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது ‘தாழிட்ட வசந்தம்’. எழுதியது இந்துவதனா. பெயரைச் சொன்னால் போதும், அன்வர் பாஷா கடையில் பத்துப் பேர் முன்பதிவு செய்துவிட்டுப் போவார்கள். கதாநாயகன் ராகேஷ், பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த பங்களாவில் கீர்த்தனா என்ற பெண்ணை நாற்பது நாள் பூட்டி வைக்கிறான். மற்றதெல்லாம் வழக்கம்போல. பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட வேறு ஏதோ ஒன்று நெருடியது. எங்கேயோ பார்த்த நிறம் மாதிரி.

இரண்டாம் தரம் படித்தாள். அப்புறம் ‘உப்பு ராஜ்ஜிய’த்தைத் திரும்ப வாங்கி வரச் சொல்லி, இரண்டு புத்தகத்தையும் வாசலுக்குக் கொண்டுபோய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தாள். வெள்ளைத்துரை என்னவென்று கேட்டார். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். சாயங்காலம் கடை நிறையும் நேரத்தில்தான் எழுந்து உள்ளே வந்தாள்.

மறுநாள் மதியம் அவள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். மூன்று தாள், இரண்டு பக்கமும். மகள் தீபிகா அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதை வாங்கிப் பார்த்தவள், பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாயே அம்மா, எழுத்துத் தமிழில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டாள். மாற்றினால் அது நீ எழுதினதாகிவிடும், நான் எழுதினது எங்கே போகும் என்று பேச்சியம்மாள் கேட்டாள். எழுத்துப் பிழை மூன்றை மட்டும் திருத்திக்கொள்ள ஒப்புக்கொண்டாள்.

கடிதத்தின் முதல் இரண்டு பக்கம் ‘உப்பு ராஜ்ஜிய’த்துக்குப் பாராட்டு. பாராட்டுக்கு நடுவிலும் ஒரு குட்டு: எங்கள் ஊர்ப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு உள்ளங்கால் வெடித்திருக்க வேண்டும், அதை ஆசிரியர் எங்கேயும் சொல்லவில்லை, அவர் உப்பளத்தைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். அடுத்த மூன்று பக்கம் ராகேஷைப் பற்றி. ‘அறைஞ்ச கை, ஜுரம் வந்ததும் நல்ல கையா ஆயிடுமா? நாற்பது நாள் பூட்டி வச்சவன் மேல வர்றதுக்குக் காதல்னு பேர் வைக்கக் கூடாது. வேற போக்கிடம் இல்லாதவ அண்டிக்கிடுதது அது’ என்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் நாலு வரிதான். ‘இன்னொன்று. இந்த இரண்டு கதையையும் எழுதினது ஒரே ஆள். ஆம்பளையா பொம்பளையா எனக்குத் தெரியாது. ஆனா கை ஒண்ணு. நல்லா எழுதத் தெரிஞ்ச கை இப்படி எழுதுதேன்னுதான் எனக்கு வருத்தம்.’

தேனாம்பேட்டையில் ‘கதைக்கொடி’ ஆபீஸில் அந்தக் கடிதத்தைப் பிரித்த ஆசிரியர் சூடாமணி, கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் எழுந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாராம். இதைப் பிற்காலத்தில் அவரே பேச்சியம்மாளிடம் சொன்னார். இந்துவதனா யார் என்பது அந்த ஆபீஸில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கம்போஸ் செய்கிறவருக்கும் தெரியாது, பத்திரிகை முதலாளிக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் சூடாமணி கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், மயிலாப்பூர்க்காரர், கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஜோல்னாப் பை. பேச்சியம்மாளா என்று கேட்டார். ஆமாம், என்ன புடவைக்கு என்று இவள் கேட்டாள். புடவை இல்லை, கடிதம் என்றார் அவர். வெள்ளைத்துரை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ வம்பு வந்துவிட்டது என்று எண்ணிப் பக்கத்தில் வந்து நின்றார்.

இது யார் சொல்லித் தெரிந்தது என்பதுதான் சூடாமணிக்குத் தெரிய வேண்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை, படித்தால் தெரிகிறது என்று பேச்சியம்மாள் சொன்னாள். சூடாமணிக்கு நம்பிக்கை வரவில்லை. பேச்சியம்மாள் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மூன்று தடவை வாய்விட்டுச் சிரித்தார். அதில் ஒன்று அவர் பத்திரிகையில் வந்த நாவலைப் பற்றியது.

எழுந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. “கடைசி நாலு வரியை மட்டும் எடுத்துடலாமா? அது அவரோட ரகசியம். ஆத்துல அவர் ஆம்படையாளைத் தவிர யாருக்கும் தெரியாது. மத்தது ஒரு எழுத்து குறையாம போடறேன்.”

ஒருவருடைய ரகசியத்தைத் தெருவில் போட்டு உடைப்பதற்காக அதை எழுதவில்லை என்று பேச்சியம்மாள் சொன்னாள். எடுத்துவிடலாம். ஆனால் மற்றதில் கை வைக்கக் கூடாது. அவள் பேச்சு அவள் பேச்சாகவே வர வேண்டும். கீழே ‘திருமதி வெள்ளைத்துரை’ என்று போடாமல் பேச்சியம்மாள் என்றே போட வேண்டும். சொன்ன பிறகுதான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். அது சம்மதம் என்று அவளுக்குத் தெரியும்.

மார்கழி பிறந்த வாரத்தில் அந்த ரகசியத்துக்குச் சொந்தக்காரரே வந்தார். ஒல்லியான மனிதர், பாதி நரை, கையில் குடை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்தார். மேற்கு மாட வீதிப் பக்கம் வீடு. ஸ்ரீரங்கன் என்று பெயரைச் சொல்லிவிட்டு, கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். வெள்ளைத்துரை தேநீர் வாங்கி வருகிறேன் என்று தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

“எப்படிக் கண்டுபிடிச்சேள்?” என்று ஸ்ரீரங்கன் கேட்டார்.

“ரெண்டையும் வெயில்ல வச்சுப் பாத்தேன் சார்” என்றாள் பேச்சியம்மாள். அவர் விளங்காமல் பார்த்ததும் சொன்னாள். “அலருக்குப் பயம் வந்தா முழங்காலுக்குப் பின்பக்கம் குளிருது. கீர்த்தனாவுக்கும் அங்கதான் குளிருது. எல்லாரும் நெஞ்சு படபடக்குதுன்னுதான் எழுதுவாங்க. ரெண்டு கதையிலயும் சண்டை முடிஞ்சதும் யாராவது தண்ணி கேக்காங்க. அப்புறம் நீங்க ‘பிறகு’ன்னு எழுதவே மாட்டேங்கிய. எல்லா இடத்துலயும் ‘பிற்பாடு’தான்.”

ஸ்ரீரங்கன் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். “என் ஆம்படையாள் இருபது வருஷமா எல்லாத்தையும் படிக்கிறா. அவளே கவனிச்சதில்லை.”

அவர் சிரித்துவிட்டுப் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டாள். அலரை எழுதின மனுஷன் ராகேஷை ஏன் எழுத வேண்டும்? அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். ‘உப்பு ராஜ்ஜிய’த்துக்கு வந்த கடிதம் பதினொன்று. ‘தாழிட்ட வசந்த’த்துக்கு ஆயிரத்துக்கு மேல். அத்தனையும் பெண்கள் எழுதியது. அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்றார்.

“நானும் பொம்பளைதான் சார். நானும் கடுதாசிதான் போட்டேன்.”

பேச்சியம்மாள் மேஜை மேலிருந்த இரண்டு புத்தகத்தையும் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“அலர் ஒரு தடவை மந்திரம் சொன்னா ஒரு பேரை இழக்கா. கடைசியில தன் பேரையே குடுக்கா. அதனாலதான் அவ சொல்லுத ஒவ்வொரு மந்திரமும் நமக்கு வலிக்கு. ராகேஷ் எதை சார் இழந்தான்? ஒண்ணுமில்ல. பண்ணின தப்புக்குப் பரிசா பொண்ணு கிடைக்கா. மந்திரத்துக்கே வெல வச்சவரு நீங்க. ஒரு ஆம்பளை பண்ணுத தப்புக்கு வெல வைக்க மறந்துட்டியளே.”

தேநீர் வந்தது. ஸ்ரீரங்கன் குடித்தார். உள்ளங்கால் வெடிப்பைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டார். எந்த மாதத்தில் அதிகம் வெடிக்கும், என்ன எண்ணெய் தடவுவார்கள் என்று. அவள் சொன்னதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போனார். வெள்ளைத்துரை அவர் முதுகைப் பார்த்தபடி, ஏட்டி, ரொம்பப் பேசிட்டியோ என்றார். பேச்சியம்மாளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தை மாத இதழில் கடிதம் வந்தது. முழுசாக, அவள் பேச்சில், அவள் பெயரில். அடுத்த மாதம் தபால்காரர் ‘கதைக்கொடி’ ஆபீஸில் மூட்டையை இறக்கினார். பாதிப் பேர் திட்டியிருந்தார்கள். துணிக் கடைக்காரிக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று ஒருவர். பாதிப் பேர், நாங்கள் சொல்லத் தெரியாமல் இருந்ததை அந்த அம்மா சொல்லிவிட்டாள் என்று எழுதியிருந்தார்கள். மந்தைவெளியிலிருந்து ஒரு பெண், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, என் வீட்டில் ஜுரம் வராத ராகேஷ் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் ஒரே வரி எழுதியிருந்தாள். சூடாமணி அதைப் பேச்சியம்மாளிடம் கொண்டுவந்து காட்டினார். அவள் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு மதியம் எதையும் வாசிக்கவில்லை.

அந்தச் சித்திரையிலிருந்து ‘கதைக்கொடி’யில் அவளுக்கு மாதம் ஒரு பக்கம் கிடைத்தது. ‘படித்துச் சொல்கிறேன்’ என்று தலைப்பு. கீழே, பேச்சியம்மாள், தி.நகர். வெள்ளைத்துரையின் அண்ணன் பாண்டி பஜாரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வீட்டுப் பொம்பளை பெயர் பத்திரிகையில் வருவது நம் பக்கத்துப் பழக்கமா என்று தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார். வெள்ளைத்துரை கடைக்குத் திரும்பி வந்து, இதழை அந்தப் பக்கத்தில் விரித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் விலை உயர்ந்த ஜரிகைத் துணிகளுக்கு நடுவே வைத்தார். வருகிறவர்கள் குனிந்து பார்த்தால், “நம்ம கடை ஆளுதான்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மாதா மாதம் பழைய இதழை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதும் அவரேதான். அந்த வேலையை மகளிடம்கூட அவர் விட்டதில்லை.

பேச்சியம்மாள் தன் பக்கத்தில் யாருக்கும் பயந்து எழுதியதில்லை. ஒரு மந்திர நாவலில் மாண்டுபோனவன் நாலு தடவை உயிரோடு வந்தபோது, ‘இனிமே இவன் செத்தா நான் அழப்போறதில்லை’ என்று எழுதினாள். அடுத்த மாதமே அதே ஆசிரியரின் வேறு நாவலைத் தூக்கி வைத்துப் பாராட்டினாள். முரட்டுக் காதல் கதைகளில் கதாநாயகன் கதவைச் சாத்துகிற பக்க எண்ணைக் குறிப்பிட்டு, ‘நான் இந்த இடத்தில் இறங்கிக்கொண்டேன்’ என்பாள். இறங்கிக்கொண்டேன் என்று எழுதினாலும் கடைசிப் பக்கம் வரை படித்திருப்பாள்.

இந்துவதனாவின் அடுத்த நாவலில் பூட்டி வைக்கப்பட்ட பெண் ஒன்பதாவது அத்தியாயத்தில் ஜன்னல் கம்பியை நெம்பிவிட்டு வெளியே போய்விட்டாள். மீதிப் புத்தகம் முழுக்க அவன் மன்னிப்புக் கேட்க அவளைத் தேடி அலைகிறான். அவள் கிடைக்கவே இல்லை. தன் பேச்சு வீண் போகவில்லை என்று பேச்சியம்மாளுக்குப் பட்டது. அதை யாரிடமும் சொல்ல முடியாத நிலைமை வேறு. அந்த நாவல் சுமாராகத்தான் போயிற்று. அதற்கடுத்த நாவலில் பழையபடி ஒரு ராகேஷ், வேறு பெயரில். அவள் அதையும் விடாமல் தன் பக்கத்தில் வெளுத்து வாங்கினாள். ஸ்ரீரங்கன் கோபித்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு வீட்டில் செய்த லேகியத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு சூடாமணியிடம் கொடுத்தனுப்பினார்.

தொண்ணூற்று ஏழில் ‘உப்பு ராஜ்ஜியம்’ தனிப் புத்தகமாக வந்தது. அலரின் உள்ளங்கால் வெடிப்பு அதில் மூன்று இடத்தில் வந்தது. முன்னுரையில் ஸ்ரீரங்கன், இந்துவதனா நான்தான் என்று தாமாகவே எழுதிவிட்டார். பத்து வருஷம் யாரும் கண்டுபிடிக்காததைத் தி.நகரில் பிளவுஸ் துணி சேர்த்துக் கொடுக்கிற ஒரு பெண்மணி ஒரே மதியத்தில் கண்டுபிடித்தார், நாலு வருஷம் வாயைத் திறக்காமல் காப்பாற்றியும் கொடுத்தார் என்று அவள் பெயரோடு போட்டிருந்தார். அந்த மாதம் சந்தில் நடக்க முடியவில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கூச்சத்தில் ஆளுக்கு ஒரு மீட்டர் லைனிங் துணி வாங்கிக்கொண்டு போனார்கள். அன்வர் பாஷா தன் கடை வாசலில் நின்று, அந்தம்மா மொத மொத புக் எடுத்தது இங்கதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அனன்யா வந்தது அதற்கு அடுத்த வருஷம், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மதியம். பெசன்ட் நகரிலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயது, வங்கியில் ஆபீசர். கையில் புடவை இல்லை. ‘கதைக்கொடி’ இதழ் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள். உங்களோடு சண்டை போட வந்திருக்கிறேன் என்று சிரிக்காமல் சொன்னாள். பேச்சியம்மாள் ஸ்டூலைக் காட்டினாள்.

முந்தின மாதம் பேச்சியம்மாள் தன் பக்கத்தில், இந்த முரட்டுக் கதைகளை ஆசையாகப் படிக்கிற பெண்களுக்குத் தங்களைப் பற்றியே மரியாதை இல்லை என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிதான் அனன்யாவை பஸ் ஏற வைத்திருந்தது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து, இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வங்கியில் நாள் முழுக்க உட்கார்ந்து, திரும்பி வந்து சமைத்து முடித்தபின் அவளுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதில் அவள் படிப்பது ராகேஷ் மாதிரி கதைகளைத்தான். கணவர் நல்ல மனிதர், ஒரு நாள் கை நீட்டியதில்லை என்பதையும் சொன்னாள்.

“எனக்கு அது நிஜம் இல்லன்னு தெரியாதா?” என்றாள் அனன்யா. “ராட்டினத்துல ஏறினா பயமா இருக்கு, அதுக்காகத்தானே ஏறறோம்? கீர்த்தனாவால கதவைத் திறக்க முடியாது. என்னால புத்தகத்தை மூட முடியும். எப்ப வேணும்னாலும் மூடலாம். என் நாள்ல நான் நினைச்ச நேரத்துல நிறுத்த முடியற பயம் அது ஒண்ணுதான். ராகேஷைத் திட்டுங்கோ, நானும் சேர்ந்து திட்டறேன். என்னை ஏன் திட்டினேள்?”

பேச்சியம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மந்தைவெளிப் பெண்ணின் ஒரு வரிக் கடிதத்தைச் சொன்னாள். புத்தகத்தை மூட முடியாத வீட்டில் இருக்கிறவளும் இதைத்தானே படிக்கிறாள் என்றாள். அனன்யா அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்காகப் படிக்கிற எல்லாரையும் ஒரே துணியில் தைத்துவிட்டீர்கள் என்றாள். நாலு மணி வரை பேசினார்கள். குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. வெள்ளைத்துரை வந்தவர்களுக்குத் தாமே நிறம் பார்த்துக் கொடுத்து இரண்டு பேருக்குத் தப்பான பச்சையைக் கொடுத்தனுப்பினார். அவர்கள் திங்கட்கிழமை திரும்பி வந்தார்கள்.

அனன்யா போன பிறகு பேச்சியம்மாள் வெகுநேரம் அந்த இதழின் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வந்தவள், புத்தகம் படிக்கிறவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். அதுவும் அவளைப் பார்க்காமலே. புடவையைப் பார்க்காமல் ஒரு நாளும் துணி எடுத்துக் கொடுத்ததில்லையே என்று அவளுக்கு உறுத்தியது.

சூடாமணிக்கு போன் போட்டு, அடுத்த மாதம் தன் பக்கத்தில் பாதியை அனன்யாவுக்கு விட வேண்டும் என்றாள். சூடாமணி தயங்கினார். நாலரை வருஷமாக அந்தப் பக்கத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது, தப்பு என்று நீங்களே போட்டுக்கொண்டால் பேர் கெட்டுப்போகாதா என்று கேட்டார். பேச்சியம்மாளுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. தப்பான நிறம் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்கிறோமே, அதனால் கடைக்குப் பேர் கெட்டதா என்றாள்.

இதழ் வந்தது. மேல் பாதியில் பேச்சியம்மாள், ‘போன மாதம் நான் எழுதினதில் ஒரு வரி தப்பு. ராகேஷைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி, அதில் மாற்றமில்லை’ என்று ஆரம்பித்திருந்தாள். கீழ்ப் பாதியில் அனன்யா, பெசன்ட் நகர். எட்டே வரியில் அவள் கடையில் பேசியதைவிடக் காட்டமாக எழுதியிருந்தாள். பேச்சியம்மாள் அதை வீட்டுக்காரருக்கும் தீபிகாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நடுவில் நிறுத்தி, “என்ன அழகா சண்டை போடுதா பாத்தீங்களா?” என்றாள்.

அந்த மாதம் வந்த கடிதங்களைச் சூடாமணி எண்ணிப் பார்த்துச் சொன்னார். முந்நூறு. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு அனன்யா பக்கம். ‘கதைக்கொடி’யில் எந்த எழுத்தாளரின் எந்த நாவலுக்கும் ஒரே மாதத்தில் அவ்வளவு காரசாரமாகக் கடிதம் வந்ததில்லை என்று அவர் சொன்னதைப் பேச்சியம்மாள் அன்வர் பாஷாவிடம் சொன்னாள், வீட்டுக்காரரின் பாண்டி பஜார் அண்ணனிடம் சொன்னாள், மஞ்சள் பட்டோடு வந்த ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்திடமும் சொன்னாள்.

“என்னை எதிர்த்து மட்டும் இருநூத்திப் பன்னண்டு பேரு எழுதியிருக்காங்க” என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால், ஏதோ பரிசு வாங்கினவள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.